மண்பானைத் தண்ணீர் எதனால் குளிர்கிறது?

மண்ணுக்கே குளிர்ச்சி உண்டு, அதனால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது என்று பலரும் சொல்வதுண்டு. இந்த விடையைச் சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரே அளவில் இரண்டு புதிய மண்பானைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே குழாய்த் தண்ணீரை நிரப்புங்கள். ஒன்றை மட்டும் பிளாஸ்டிக் தாளால் வெளிப்புறம் முழுவதும் காற்றுப் புகாதபடி சுற்றிவிடுங்கள். மறுநாள் தொட்டுப் பார்த்தால், சுற்றாத பானையின் நீர் நன்றாகக் குளிர்ந்திருக்கும். சுற்றிய பானையின் நீர், அறை எவ்வளவு சூடாக இருக்கிறதோ ஏறக்குறைய அதே சூட்டில் இருக்கும். மண் இரண்டிலும் ஒன்றுதான்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு எவர்சில்வர் குடத்தில் நீர் நிரப்பி, அதைச் சுற்றி நனைத்த பருத்தித் துணியைக் கட்டி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். துணி காயக் காய மறுபடி நனைத்துக்கொண்டே இருங்கள். சில மணி நேரத்தில் குடத்து நீர் குளிர்ந்துவிடும். இங்கே மண்ணே இல்லை.

ஆக, குளிர்ச்சி மண்ணின் குணம் அல்ல. வெளிப்புறம் ஈரமாக இருக்க வேண்டும், அந்த ஈரம் காற்றில் கலந்து போக வழி இருக்க வேண்டும். இவை இரண்டும் இருந்தால் குளிர்ச்சி வந்துவிடுகிறது. மண்பானையின் திறமை, அந்த ஈரத்தை யாரும் நனைக்காமலேயே நாள் முழுவதும் தனக்குத்தானே வழங்கிக்கொள்வதில் இருக்கிறது.

அது எப்படி என்று பார்ப்போம். குயவர் களிமண்ணோடு மணலைக் கலந்து பிசைகிறார். சில ஊர்களில் உமியோ சாம்பலோ சேர்ப்பார்கள். வனைந்து காயவைத்த பானை சூளைக்குப் போகிறது. நாட்டுச் சூளைகளின் சூடு பெரும்பாலும் 1,000 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே இருக்கும். அந்தச் சூட்டில் களிமண் துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் மட்டும் ஒட்டிக்கொள்கின்றன. முழுவதும் உருகி ஒன்றாவதில்லை. ஆகவே துகள்களுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத சந்துகள் நின்றுவிடுகின்றன. உமி கலந்திருந்தால் அது எரிந்துபோன இடமும் வெற்றிடமாகிறது. இந்தச் சந்துகளுக்கு நுண்துளைகள் என்று பெயர். பீங்கான் கோப்பையை இதைவிட மிக அதிகமான சூட்டில் சுடுகிறார்கள். அப்போது துகள்கள் உருகிக் கண்ணாடிபோல் இறுகிவிடுகின்றன. அதனால் பீங்கான் கசிவதில்லை. மண்பானை கசிகிறது.

பானைக்குள் இருக்கும் நீர் இந்த நுண்துளைகள் வழியே மெல்ல ஊறி வெளிப்பரப்புக்கு வருகிறது. பானை வியர்க்கிறது என்று நாம் சொல்வது இதைத்தான். வந்த நீர் அங்கேயே தங்குவதில்லை. காற்றில் ஆவியாகிறது. ஆவியான அளவுக்கு உள்ளிருந்து புதிய நீர் ஊறுகிறது.

ஆவியாவதற்கும் குளிர்வதற்கும் என்ன தொடர்பு? நீர் என்பது ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும் கோடானுகோடி மூலக்கூறுகளின் கூட்டம். எல்லா மூலக்கூறும் ஒரே வேகத்தில் அசைவதில்லை. சில மெதுவாக, சில வேகமாக. வெப்பநிலை என்று நாம் அளப்பது இவற்றின் சராசரி வேகத்தைப் பொறுத்தது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இந்தப் பிடியை மீறிக் காற்றுக்குத் தப்பிச் செல்ல, மிக வேகமான மூலக்கூறுகளால்தான் முடியும். ஒரு வகுப்பில் அதிக மதிப்பெண் வாங்குகிறவர்கள் மட்டும் பள்ளி மாறிப் போய்க்கொண்டே இருந்தால் வகுப்பின் சராசரி என்ன ஆகும்? மீதியிருப்பவர்களில் யாருடைய மதிப்பெண்ணும் குறையாமலேயே சராசரி இறங்கும். நீரிலும் அதுவே நடக்கிறது. வேகமானவை போய்விட, எஞ்சிய நீரின் சராசரி வேகம் குறைகிறது. நீர் குளிர்கிறது.

ஆவியாகும் நீர் இப்படி எடுத்துச்செல்லும் வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோசப் பிளாக் 1760-களில் இதைத் தெளிவுபடுத்தினார். கொதிக்கும் நீருக்கு அடியில் நெருப்பு எரிந்துகொண்டே இருக்கிறது, ஆனால் நீரின் வெப்பநிலை ஏறுவதில்லை. அப்படியானால் அந்தச் சூடு எங்கே போகிறது என்பதே அவரைப் பிடித்துக்கொண்ட கேள்விகளில் ஒன்று. நீரை ஆவியாக்குவதில் அது செலவாகி, ஆவிக்குள் ஒளிந்துகொள்கிறது என்பது விடை.

இந்த வெப்பத்தின் அளவுதான் வியப்பானது. ஒரு கிராம் நீரின் சூட்டை ஒரு டிகிரி மாற்ற ஒரு கலோரி போதும். கோடை நாளின் சூட்டில் அதே ஒரு கிராம் நீர் ஆவியாக வேண்டுமென்றால் சுமார் 580 கலோரி வேண்டும். அதாவது ஒரு கிராம் ஆவியானால் 580 கிராம் நீர் ஒரு டிகிரி குளிரலாம். 10 லிட்டர் பானை ஒன்றில் 35 டிகிரியில் நீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 25 டிகிரிக்கு இறக்க எவ்வளவு ஆவியாக வேண்டும்? கணக்குப்படி சுமார் 170 மில்லி, ஒரு டம்ளர் நீர். நடைமுறையில் இதைவிட அதிகமாகவே செலவாகும். ஏனென்றால் நீர் குளிரத் தொடங்கியதுமே சுற்றிலும் உள்ள சூடான காற்று பானைக்கு வெப்பத்தைக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறது. அதையும் ஆவியாதலே வெளியேற்ற வேண்டும்.

இங்கேதான் அடுத்த கேள்வி எழுகிறது. ஆவியாதல் ஓயாமல் நடந்தால் பானைத் தண்ணீர் குளிர்ந்துகொண்டே போய் ஏன் பனிக்கட்டி ஆவதில்லை?

இரண்டு காரணங்கள் சேர்ந்து அதைத் தடுக்கின்றன. நீர் குளிரக் குளிர வேகமான மூலக்கூறுகள் குறைந்துபோகின்றன, ஆவியாதல் மந்தமாகிறது. அதே வேளையில் பானைக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் கூடுகிறது, காற்றிலிருந்து வரும் சூடு அதிகமாகிறது. ஓரிடத்தில் வரவும் செலவும் சமமாகிவிடும். அதற்குக் கீழே வெப்பநிலை இறங்காது. இந்த எல்லைக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். வானிலை ஆய்வு நிலையங்களில் வெள்ளையடித்த மரப்பெட்டிக்குள் இரண்டு வெப்பமானிகளை அருகருகே வைத்திருப்பார்கள். ஒன்றின் குமிழ் உலர்ந்திருக்கும். மற்றதன் குமிழைச் சுற்றி ஈரமான மெல்லிய துணி இருக்கும். ஈரத் துணி சுற்றியது காட்டும் அளவே ஈரக்குமிழ் வெப்பநிலை. ஒரு வகையில் அதுவும் ஒரு சிறிய மண்பானைதான்.

இந்த எல்லை எங்கே விழும் என்பதைப் பானை தீர்மானிப்பதில்லை, காற்றின் சூடும் ஈரப்பதமும் தீர்மானிக்கின்றன. ஈரப்பதம் என்பது, அந்தச் சூட்டில் காற்றில் இருக்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் ஏற்கெனவே இருக்கிறது என்பது. கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர் ஒன்றில் பிற்பகல் 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று கொள்வோம். ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 24 டிகிரி. காற்றைவிட 14 டிகிரி குறைவு. கடலோர ஊர் ஒன்றில் 34 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று கொள்வோம். எல்லை சுமார் 29 டிகிரி. வித்தியாசம் வெறும் ஐந்து டிகிரி. வெயில் குறைவான ஊரில் பானைத் தண்ணீர் அதிகச் சூடாக இருக்கிறது! கரூரிலிருந்து சென்னைக்குக் குடிவந்தவர்கள், ஊர்ப் பானை மாதிரி இது குளிரவில்லையே என்று பானையின் மேல் குறைபட்டுக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் பானை அல்ல, கடற்காற்று.

சென்னையிலேயே எல்லா நாளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மே மாதத்தில் மேற்கிலிருந்து தரைக்காற்று வலுவாக வீசி, கடற்காற்று தாமதமாக நுழையும் நாட்களில் வெயில் கொளுத்தும், ஆனால் காற்று உலர்ந்திருக்கும். அன்று நமக்கும் வியர்வை சட்டென்று காயும், பானையும் நன்றாக வேலை செய்யும். இரண்டும் ஒரே இயற்பியல்தான். மழைக்காலத்தில் காற்று நீராவியால் நிறைந்திருக்கும்போது நம் உடலும் பிசுபிசுக்கிறது, பானையும் சும்மா நனைந்து நிற்கிறது.

இவ்வளவும் தெரிந்துவிட்டால், பானையை எங்கே எப்படி வைப்பது என்ற விதிகள் தாமாகவே விளங்கும். நிழல் வேண்டும், வெயில் பட்டால் வரவு கூடிவிடும். காற்றோட்டம் வேண்டும், பானையை ஒட்டியிருக்கும் ஈரக் காற்றை அது அகற்றிக்கொண்டே இருக்கும். மூடிய சமையலறை மூலையில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிரவில்லை என்றால் அது பானையின் பிழையாகாது. பானைக்கு அடியில் மணலைப் பரப்பி நனைத்து வைப்பதும், இடுப்பில் ஈரத்துணி சுற்றுவதும் ஆவியாகும் பரப்பை அகலப்படுத்தும் வழிகள்.

புதுப்பானை ஏன் நன்றாகக் குளிர்விக்கிறது, இரண்டு மூன்று கோடை கண்ட பானை ஏன் மந்தமாகிறது என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. நீர் ஆவியாகும்போது அதில் கரைந்திருக்கும் உப்புகள் ஆவியாவதில்லை, துளை வாயிலேயே படிந்துவிடுகின்றன. பழைய பானையின் வெளியே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருப்பது அந்த உப்புதான். போர்வெல் நீர்போல் கடினமான நீரானால் துளைகள் விரைவில் அடைபடும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினால் கொஞ்சம் உயிர் வரும், முழுதாக வராது. சோப்புப் போட வேண்டாம், துளைகளுக்குள் ஊறிவிடும். இப்போது கடைகளில் பளபளவென்று பெயின்ட் அடித்து, பூ வரைந்த பானைகள் நிறைய வருகின்றன. பார்க்க அழகுதான். ஆனால் பெயின்டும் வார்னிஷும் நுண்துளைகளை மூடிவிடுகின்றன. அந்தப் பானை முன்பு சொன்ன பிளாஸ்டிக் தாள் சுற்றிய பானைக்குச் சமம்.

இதே முறையில் காய்கறியும் காக்கலாம். நைஜீரியாவின் வடபகுதியில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர், பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, நடுவே ஈர மணலை நிரப்பும் அமைப்பை ஏழைக் குடும்பங்களுக்குப் பரப்பினார். 2000-ஆம் ஆண்டு அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. குஜராத்தின் வாங்கனேரில் குயவர் மரபில் வந்த மன்சுக்பாய் பிரஜாபதி, மின்சாரம் வேண்டாத ‘மிட்டிகூல்’ என்ற களிமண் குளிர்பெட்டியைச் செய்து விற்றார். இரண்டுமே வறண்ட காற்றுள்ள நிலத்தில் பிறந்தவை என்பது தற்செயல் அல்ல.

எல்லாக் குளிர்ச்சியையும் ஆவியாதலின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. 1775-இல் ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர், அலகாபாத்தில் குளிர்கால இரவுகளில் ஆழமில்லாத மண்தட்டுகளில் நீர் ஊற்றி, அடியில் காய்ந்த கரும்புத் தட்டையோ சோளத் தட்டையோ பரப்பி, விடிவதற்குள் பனிக்கட்டி எடுப்பதைப் பற்றி எழுதினார். காற்று உறைநிலைக்கு மேலே இருந்தும் நீர் உறைந்தது. நுண்துளைத் தட்டு, ஆவியாதல் என்று பொருத்தமாகத் தோன்றும். ஆனால் அங்கே முதன்மையான காரணம் வேறு. மேகமில்லாத இரவில் நீரின் பரப்பு தன் வெப்பத்தைக் கதிராக வானத்துக்கு வீசிவிடுகிறது. வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1814-இல் பனித்துளி பற்றி எழுதிய நூலில் இந்த விளக்கத்தை முன்வைத்தார்.

கடைசியாக, பானைத் தண்ணீர் நோய் தீர்க்கும், நச்சை நீக்கும், நீரைச் சுத்திகரிக்கும் என்று சொல்லப்படுவன பற்றி. குளிர்ச்சியைப் பொறுத்தவரை கணக்கு தெளிவாக இருக்கிறது. 25 டிகிரி நீர் தாகத்துக்கு இதமானது, ஐஸ் தண்ணீர் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வசதியானது, மின்கட்டணம் இல்லாதது. சுத்திகரிப்பு என்பது வேறு. களிமண்ணின் நுண்துளைகள் கிருமிகளை ஓரளவு வடிகட்டக்கூடியவை என்பது உண்மை. மண்ணால் செய்த வடிகட்டிகள் பல நாடுகளில் பயன்பாட்டில் இருக்கின்றன. ஆனால் அவற்றில் நாம் குடிப்பது துளை வழியே இறங்கி வந்த நீரை. பானையில் துளை வழியே போகும் நீர் காற்றில் கலந்துவிடுகிறது. நாம் மொண்டு குடிப்பது உள்ளேயே நின்ற நீரை. அது ஊற்றும்போது எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கும். எனவே காய்ச்சியோ வடிகட்டியோ ஊற்றுவது நல்லது. மூடி வைத்து, நீண்ட பிடியுள்ள கரண்டியால் மொண்டால் கை படாது. பானைக்கு அடியில் தட்டு வைத்திருப்பவர்கள் அதில் தேங்கும் கசிவு நீரை வடித்து, தட்டைத் தேய்த்துக் கழுவி வைக்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அந்தக் கொஞ்சம் நீர் போதும்.