தகரப் பெட்டியும் கணக்குப் பாடமும்

சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதிலே எமது பழைய மாணவன் ஒருவன் எம்மைக் காண வந்தான். க. பொ. த. உயர்தரப் பரீட்சையில் கணக்கீட்டுப் பாடத்திற்கு 'ஏ' சித்தி பெற்றவன். இரும்புக் கடையொன்றிற் கணக்கெழுதச் சேர்ந்து மூன்று வாரங்களே ஆகியிருந்தன. முகம் வாடியிருந்தது.

முதல் நாளே கடை முதலாளி ஒரு பிஸ்கற் தகரத்தை அவன் முன் வைத்து, "தம்பி, இந்த மாதக் கணக்கு இதற்குள்ளேதான் இருக்கிறது, எடுத்து எழுதும்" என்றாராம். உள்ளே கசங்கிய சிட்டைகள், பற்றுச்சீட்டுகள், காசோலை அடிக்கட்டைகள், தேநீர்க் கடைத் துண்டு, முதலாளியின் மகளுக்குக் கட்டிய ரியூஷன் கட்டணச் சீட்டு எல்லாம் ஒன்றாய்க் கிடந்தன.

"கேள்வி எங்கே இருக்கிறது என்று தேடினேன், சேர்" என்றான்.

குறையை அவன் மீது சுமத்த எமக்கு மனம் வரவில்லை. இரண்டாண்டுகள் அவனுக்குக் கற்பித்தவர்கள் நாமேயன்றோ? நாம் கொடுத்த வினாக்களில் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் திகதியுடன் வரிசையாக நின்றது. வேண்டியது யாவும் அங்கே இருந்தது. வேண்டாதது ஒன்றேனும் இருந்ததில்லை. உரிமையாளர் தம் சொந்தத் தேவைக்கு எடுப்பது எடுப்பனவு என்னும் வரைவிலக்கணத்தை அவன் பிழையறச் சொல்வான். ஆயினும் ரியூஷன் சீட்டுத்தான் அந்த எடுப்பனவு என்று கண்டுகொள்ள அவனை நாம் ஒருநாளும் பழக்கவில்லை. கணினி இருக்கிறதே என்று சிலர் கூறுவர். கணினி கூட்டித் தரும். எந்தச் சீட்டு எந்தக் கணக்கிற்குரியது என்பதை அதற்குச் சொல்ல ஒருவன் வேண்டும்.

அடுத்த தவணையில் நாமும் ஒரு தகரத்துடன் வகுப்பிற்குட் புகுந்தோம். தெரிந்த கடைகளிற் பெற்ற பழைய சீட்டுகள் நாற்பது, பெயர்களை மறைத்து அதிலிட்டிருந்தோம். "செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றோம். அது எமது இரண்டாவது பிழை. கெட்டிக்கார மாணவிகள் இருவர் எழுத, மற்றவர்கள் வேடிக்கை பார்த்தனர்.

மறுநாள் நாமே மேசையில் அமர்ந்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அந்தக் கணக்கை எழுதினோம். ஐயம் எழுந்த இடத்தில் ஐயத்தையும் சொன்னோம். பரீட்சை மீதி எடுத்தபோது 2,700 ரூபா வித்தியாசம் வந்தது. உடனே எம்மையறியாமல் அதை ஒன்பதால் வகுத்துப் பார்த்தோம். மீதியின்றி வகுபட்டது. இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும் என்று தேடினோம். 5,200 என்பதை 2,500 என்று பேரேட்டில் எழுதியிருந்தோம். "ஏன் சேர் ஒன்பது?" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகவே இருக்கும். வித்தியாசம் இரட்டை எண்ணானால் அதன் பாதியையும் தேடலாம். ஒரு தொகை பக்கம் மாறிப் பதியப்பட்டால் வித்தியாசம் அதன் இரட்டிப்பாகுமல்லவா? இவற்றை அந்த மாணவனுக்கு நாம் சொல்லிக் கொடுத்ததேயில்லை. மறைக்க எண்ணியதன்று, கைப்பழக்கமாகிவிட்டபடியால், நாம் அறிந்திருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டோம். தொழில் தெரிந்தவர் கற்பிக்கும்போது வரும் பெரிய இடர் இதுவே போலும்.

1985 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளரான சுவெல்லரும் கூப்பரும் அட்சரகணிதத்தில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். செய்து காட்டிய கணக்குகளைப் பார்த்துப் பயின்றவர்கள், தாமாகவே முட்டி மோதியவர்களிலும் விரைவாகவும் பிழை குறைவாகவும் செய்தனர். ஆனால் அந்நன்மை அதே வகைக் கணக்குகளோடு நின்றுவிட்டது. ஆதலால் நாம் முதலிற் செய்து காட்டி, பின்பு பாதி எழுதிய பேரேட்டைக் கொடுத்து முடிக்கச் சொல்லி, அதன் பின்னரே முழுத் தகரத்தையும் ஒப்படைக்கிறோம். ஒவ்வொரு முறையும் தகரம் வேறு: பலசரக்குக் கடை, தையற்கடை, மீன் வாடி.

மூன்றாவது தகரத்தில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. பரீட்சை மீதி சதமும் பிசகாமல் இணங்க, பிள்ளைகள் கைதட்டினர். வாங்கின் கீழே ஒரு சிட்டை விழுந்து கிடந்ததை அதன் பிறகே ஒருத்தி கண்டாள். முற்றாக விடுபட்ட பதிவைப் பரீட்சை மீதி காட்டாது என்று அவர்கள் கொப்பியில் எழுதி மனனஞ் செய்தவர்கள்தான். அன்றைக்குத்தான் அதை நம்பினார்கள்.

தந்தையார் ஒருவர் வந்து, "பரீட்சை நெருங்குகிறது, பாடத்திட்டம் பின்தங்காதோ?" என்று கேட்டார். அவர் கவலை வீணானதன்று. மின்னிணைப்பு, தச்சு முதலிய தொழில்களுக்குத் தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும்போது, மாணவன் செய்து காட்டுவதைக் கண்டு மதிப்பிடுகிறார்கள். எமது பிள்ளைகளையோ வினாத்தாளே மதிப்பிடுகிறது. பல்கலைக்கழக வாயிலும் அதனாலேயே திறக்கும். தவணைக்கு ஒரு தகரம், அதற்கு நான்கு பாடவேளைகள், இதற்கு மேல் எடுப்பதில்லை என்று அவருக்கு வாக்களித்தோம். அவர் முழு மனத்துடன் சம்மதித்தார் என்று சொல்வதற்கில்லை.

அந்த மாணவன் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் எமது வீட்டு விறாந்தையில் இருந்து பழகினான். முதலாளி இப்போது சென்ற வருடத்துத் தகரங்களையும் அவனிடம் ஒப்படைத்திருக்கிறாராம்.