தங்கக் காசும் தரகர் நாக்கும்

ஞாயிறு இலவச வேன், மதியம் பிரியாணி, முன்பணம் கட்டினால் தங்கக் காசு! மனை வியாபாரிகளின் தாராளத்தைப் பாரீர், தோழர்களே! அத்தனையும் மனை விலையில் ஏற்றிய உங்கள் கூலிப் பணமே.

“பஸ் ஸ்டாண்டு ஐந்தே நிமிஷம்” என்கிறார் தரகர். ஆகாய விமானத்திலா? “பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்தே போதும்” என்றும் அளக்கிறார். போதாது. நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் வேண்டும். இதை மறைத்தே வயல்களைக் கூறுபோட்டு விற்றார்கள். நடவுக்குப் போன பெண்கள் வேலை இழந்தனர். 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. தவணை கட்டிய ஆலைத் தொழிலாளி தவித்தான். கமிஷன் தின்றவர்கள் கக்கினார்களா என்று நாம் கேட்கிறோம்!

பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவருக்கு வட்டியோடு திருப்பித் தர வேண்டுமென 2016ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் சொல்கிறது. ஆனால் தரகர் வாயால் சொன்னதற்கு ஏது சாட்சி? எழுதிக் கேளுங்கள். அந்த நோட்டீசையும் கிழிக்காமல் வையுங்கள்.