பழைய மோட்டார் ஏலமும் நமது சட்டமும்

ஏலம் என்பது நமது கடற்கரைக்குப் புதிய விஷயமன்று. மணப்பாட்டில் வலை கரையேறியதும் மீன் ஏலம் போகிறது. முத்துச்சிலாபம் நடந்த காலங்களில் தூத்துக்குடியில் சர்க்கார் பங்குச் சிப்பிகள் திறக்கப்படாமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் கூறப்பட்டன. வாங்குகிறவனுக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. ஆயினும் அது வெறும் சூதாட்டமன்று. சிலாபத்தை அறிவிப்பதற்கு முன்பே சர்க்கார் மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றிலிருந்து கிடைத்த முத்துக்களை அனுபவசாலிகளைக் கொண்டு மதிப்பிட்ட பிறகே காரியத்தில் இறங்குவது வழக்கம். பொருளைப் பற்றிய அத்தாட்சி முன்னால் வரும். சுத்தியலின் ஓசை பின்னால் வரும். 1961இல் நடந்த சிலாபத்திற்குப் பிறகு தூத்துக்குடியில் அந்த ஏலம் நின்றுவிட்டது. அது கற்பித்த நியாயம் நிற்கவில்லை.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது வேறோர் ஏலம். அமெரிக்கா தேசத்தில் அரிஸோனா மாகாணத்து ஸ்காட்ஸ்டேல் நகரிலும், ஃப்ளோரிடா மாகாணத்துக் கிஸ்ஸிம்மியிலும் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாதத்தில் பழைய மோட்டார் வண்டிகள் ஏலம் போகின்றன. அவற்றுள் 'மசில் கார்' என்று பெயர் பெற்ற வண்டிகளுக்குத் தனி மவுசு உண்டு. இது நமக்குச் சம்பந்தமில்லாத சீமான்களின் பொழுதுபோக்கு என்று நேயர்கள் எண்ணக்கூடும். நேற்று வரையில் அவ்வாறு எண்ணியிருந்தால் பிழையில்லை. 1950ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்ட வண்டிகளை மட்டுமே பழம்பொருள் என்ற முறையில் இந்தியாவிற்குள் கொண்டுவரலாம் என்றிருந்த விதியை, 2025இன் தொடக்கத்தில் மத்திய சர்க்கார் மாற்றினர். இப்பொழுது ஐம்பது வயது நிரம்பிய எந்த வண்டியும் வரலாம். தீர்வை கடுமைதான், எனினும் கதவு திறந்துவிட்டது. 1964 முதல் 1974 வரையிலான அந்த அமெரிக்க வண்டிகள் அனைத்தும் இவ்வயதைக் கடந்துவிட்டன. சென்னையிலும் கோயமுத்தூரிலும் உள்ள தனவந்தர்கள் அந்த ஏலங்களில் கேள்வி கூறும் நாள் வந்துவிட்டது. ஆகவே இவ்வியாபாரத்தின் உள்விவரத்தை நாமும் அறிந்துகொள்வது நல்லது.

மசில் கார் என்பது மல்லனைப் போன்ற வண்டி என்று கொள்ளலாம். நடுத்தர அளவுள்ள சாதாரண வண்டியில் பெரிய வண்டிக்குரிய இயந்திரத்தைப் பொருத்தி, சம்பளக்கார வாலிபன் வாங்கக்கூடிய விலைக்கு விற்றார்கள். 1964இல் போன்டியாக் கம்பெனியார் வெளியிட்ட ஜி.டி.ஓ. இந்த வழியைத் திறந்ததென்பது பொதுவான அபிப்பிராயம். நடுத்தர வண்டிகளில் 330 கன அங்குலத்திற்கு மேற்பட்ட இயந்திரத்தை வைக்கலாகாது என்பது அந்த ஸ்தாபனத்தின் உத்தரவு. போன்டியாக் பொறியாளர்களோ 389 கன அங்குல இயந்திரத்தை, வண்டியோடு கூடிய 'விருப்பச் சாமான்' என்று விலைப்பட்டியலில் எழுதி, மேலதிகாரிகளின் உத்தரவை லாகவமாகத் தாண்டிவிட்டார்கள். வக்கீல் தொழிலில் இருப்பவர்களுக்கு இத்தகைய சாமர்த்தியம் புதிதன்று! ஐயாயிரம் விற்றால் போதும் என்று எண்ணிய இடத்தில் முதல் வருஷத்திலேயே 32,450 வண்டிகள் விற்றன. பிறகு ஃபோர்டு, ஷெவ்ரலே, டாட்ஜ், ப்ளிமத் எல்லோரும் போட்டியில் இறங்கினார்கள்.

இந்த ஆட்டம் பத்து வருஷங்கூட நீடிக்கவில்லை. 1970இல் வந்த காற்றுத் தூய்மைச் சட்டமும், ஏறிக்கொண்டே போன இன்ஷூரன்ஸ் கட்டணமும், 1973இல் அராபிய நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் சேர்ந்து இவ்வண்டிகளின் கழுத்தை நெரித்தன. காலன் கணக்கில் பெட்ரோல் குடிக்கும் வண்டியை அப்போது எவரும் சீந்தவில்லை. பழைய வண்டிக் கடைகளில் அவை அற்ப விலைக்குக் கிடந்தன. கல்லூரி மாணவர்கள் வாங்கி ஓட்டி உடைத்தார்கள். பல வண்டிகள் இயந்திரம் வேறு, கூடு வேறாகப் பிரிக்கப்பட்டன. இன்று லக்ஷக்கணக்கான டாலர் பெறும் பொருளுக்கு நேர்ந்த அந்த அனாதைக் காலத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வண்டியின் கதையை மட்டும் சொல்கிறோம். 1968இல் ஸ்டீவ் மக்வீன் நடித்து வெளிவந்த 'புல்லிட்' என்ற படத்திற்காக இரண்டு பச்சை நிற ஃபோர்டு மஸ்டாங் வண்டிகள் உபயோகிக்கப்பட்டன. ஒன்று நடிகர் ஓட்டியது. மற்றொன்று குதித்துப் பாயும் காட்சிகளில் அடிபட்டது. முதல் வண்டியை 1974இல் ஒரு சாதாரணக் குடும்பத்தார் பத்திரிகை விளம்பரம் பார்த்து ஆறாயிரம் டாலருக்கு வாங்கினார்கள். வீட்டு எஜமானி அதில் பள்ளிக்கூட வேலைக்குப் போய்வந்தார். 1977இல் மக்வீனே அதைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதினார்; அவர்கள் கொடுக்கவில்லை. 1980இல் பழுதாகி ஓட்டம் நின்ற வண்டி பல வருஷங்கள் கொட்டகையிலேயே கிடந்தது. 2020 ஜனவரியில் கிஸ்ஸிம்மி ஏலத்தில் அது கமிஷன் உட்பட 37 லக்ஷத்து 40 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. அன்றைய நாணய மாற்றில் சுமார் 26 கோடி ரூபாய்! மற்ற வண்டியோ மெக்ஸிகோ நாட்டில் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் உருக்குலைந்து கிடந்து 2017ஆம் ஆண்டளவில்தான் கண்டெடுக்கப்பட்டது. ஒரே படத்தில் ஓடிய இரட்டைப் பிள்ளைகள். ஒன்றைக் காத்தது கொட்டகை. அதற்கு விலை தந்தது மக்வீனின் கடிதமும் மற்றக் காகிதங்களும்.

காகிதம் என்று சொன்னதை விளையாட்டாகக் கொள்ளலாகாது. இவ்வியாபாரத்தின் உயிர்நாடி அதுவே. வண்டியின் கூட்டில் அடித்த எண்ணும், இயந்திரத்தில் அடித்த எண்ணும், தொழிற்சாலைப் பதிவும் ஒன்றுக்கொன்று இசைந்தால் ஒரு விலை; இசையாவிட்டால் அதில் ஒரு சிறு பகுதிதான். சாதாரண வண்டிக்குப் பெரிய இயந்திரத்தை மாட்டி, அசல் என்று விற்கும் மோசடி அங்கே ஏராளம். அதனால் க்ரைஸ்லர் வண்டிகளை வாங்குகிறவர்கள் ஆசனத்தின் கம்பிச்சுருளுக்கடியில் கைவிட்டுத் தேடுகிறார்கள். தொழிற்சாலையில் வேலையாட்களுக்குக் கொடுத்த தயாரிப்புச் சீட்டு சில சமயம் அங்கே செருகப்பட்டு அப்படியே இருந்துவிடும். ஃபோர்டு, போன்டியாக் வண்டிகளின் பழைய தயாரிப்புப் பதிவுகளைக் கட்டணம் செலுத்திப் பெறலாம். 1971இல் ஒரு டஜனுக்கும் மிகாமல் செய்யப்பட்ட, திறந்த கூரையுள்ள ப்ளிமத் ஹெமி குடா வண்டிகளில் ஒன்று 2014இல் ஸியாட்டில் ஏலத்தில் 35 லக்ஷம் டாலருக்குப் போயிற்றென்றால், அந்த 'ஒரு டஜன்' என்ற கணக்கே பதிவேட்டினால் கிடைத்ததல்லவா? சிப்பிக்கு மாதிரி பார்த்தது போல வண்டிக்குக் காகிதம் பார்க்கிறார்கள்.

விலை ஏறிக்கொண்டே போகும் என்று நம்பிக் கடன் வாங்கி இதில் இறங்குவோருக்கும் ஒரு வார்த்தை. 2008இன் பண நெருக்கடியில் மசில் கார் விலைகளும் சரிந்தன. உச்சத்தில் வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். ஏலத்தின் சட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். நமது 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவின்படி, சுத்தியல் விழும் வரையில் கேள்வி கூறியவர் அதைத் திரும்பப் பெறலாம். தனக்கு அவ்வுரிமை உண்டென்று முன்கூட்டி அறிவிக்காமல் விற்பவரே மறைவாக ஆள் வைத்துக் கேள்வி கூறினால், அது மோசடியாகக் கருதப்படலாம். அமெரிக்காவிலோ, குறைந்தபட்ச விலை குறித்த வண்டிக்கு அந்த விலை எட்டும் வரையில் ஏலக்காரரே கேள்வி கூறிக்கொண்டு போவது, நிபந்தனைகளில் வெளியிடப்பட்டிருந்தால், அனுமதிக்கப்பட்ட வழக்கம். நிபந்தனைத் தாளைப் படிக்காமல் கையைத் தூக்குகிறவர் தமக்கு எதிரில் போட்டியிடுவது மனிதனா, காற்றா என்று தெரியாமலே போட்டியிடுகிறார்.

இவ்வளவும் வெளிதேசத்து விஷயம். நமது விஷயத்திற்கு வருவோம். 2021 ஜூலையில் மத்திய சர்க்கார் பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு விதிகளைச் செய்தார்கள். ஐம்பது வயது நிரம்பி, அசல் உருவம் மாறாத வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துக்களுடன் கூடிய தனி எண். கட்டணம் 20,000 ரூபாய். செல்லுபடி பத்து வருஷம். கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் பழுது பார்க்கவும் ஓட்டலாம். அன்றாட உபயோகம் கூடாது. நல்ல விதிதான், வரவேற்கிறோம். அடுத்த மாதமே, 2021 ஆகஸ்டில், பழைய வண்டிகளை உடைத்து இரும்பாக்கும் கொள்கையும் வெளியாயிற்று. சொந்த வண்டி இருபது வயதைக் கடந்தால் தகுதிப் பரீக்ஷை. தேறாவிட்டால் பதிவு போயிற்று. பதினைந்து வயதுக் காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆயிற்று. 2025இல் இருபது வயதைக் கடந்த காருக்கு அது 10,000 ஆக்கப்பட்டது.

இவ்விரண்டு விதிகளையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தால் விபரீதம் புலப்படும். இருபது வயதிலிருந்து ஐம்பது வயது வரையில் முப்பது வருஷம் ஒரு பாலைவனம். அதைக் கடந்து வந்தவனுக்குப் பொன்னாடை போர்த்துவோம் என்கிறது ஒரு விதி. எவனும் கடந்து வராதபடி பார்த்துக்கொள்கிறது மற்றொரு விதி. அமெரிக்காவின் மசில் கார்கள் எந்த முப்பது வருஷத்தில் அனாதைகளாகக் கிடந்தனவோ, அந்த முப்பது வருஷத்தில் இத்தகைய கொள்கை அங்கே தேசமெங்கும் இருந்திருந்தால், இன்று ஸ்காட்ஸ்டேலில் ஏலம் கூற எத்தனை வண்டி மிஞ்சியிருக்கும்?

நம்மிடம் காப்பாற்றத் தக்க வண்டி என்ன இருக்கிறது என்று கேட்பவர் உண்டு. 1903இல் சென்னை ஸிம்ப்ஸன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவி மோட்டார் வண்டி செய்து ஓட்டினார். சென்னைக்கருகே வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனியார் 1961 முதல் ஹெரால்டு வண்டியைச் செய்தார்கள். பிறந்த நாடான இங்கிலாந்தில் இரண்டு கதவுகளோடு நின்ற ஹெரால்டுக்கு நான்கு கதவு வைத்தவர்கள் நம் சென்னைத் தொழிலாளிகள். 1972இல் வந்த கஜேல், 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 ஆகியவையும் அங்கே பிறந்தவையே. 1984 முதல் 2002 வரையில் வங்காளத்து உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த கான்டெஸாவை இந்தியாவின் மசில் கார் என்று இன்றைய வாலிபர்கள் செல்லமாக அழைக்கிறார்கள். வலிமையில் அமெரிக்க மல்லர்களுக்கு அது ஈடாகாது. தோற்றமும் கம்பீரமும் உண்டு. முதற் கான்டெஸாவுக்கு ஐம்பது வயது 2034இல்தான் நிரம்பும். அதற்குள் எத்தனை வண்டிகள் புதுப்பேட்டைக்கும் காயலான் கடைக்கும் போய்ச் சேருமோ! காயலான் கடை என்ற பெயரே நம் பக்கத்துக் காயல்பட்டினத்து வியாபாரிகளால் வந்ததென்பர். அவர்கள்மீது நமக்குக் குறையில்லை. எதை உடைப்பது, எதை வைப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பு அவர்களுடையதன்று.

புகையைப் பற்றி ஆக்ஷேபம் சொல்வார்கள். அன்றாடம் ஓடிப் புகை கக்கும் பழைய லாரியை உடைக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. மாதத்தில் ஒரு நாள் வெளியே வரும் வண்டியால் ஊர்க்காற்று கெடாது. பணக்காரர்களின் விளையாட்டுக்குச் சர்க்கார் ஏன் சலுகை தர வேண்டும் என்பது மற்றொரு ஆக்ஷேபம். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். பணக்காரருக்குச் சலுகை ஏற்கெனவே தந்தாகிவிட்டது. கோடி கொடுத்து அயல்நாட்டு வண்டியைக் கொண்டுவர அவருக்கு வழி திறந்திருக்கிறது. தகப்பனார் வாங்கிய கான்டெஸாவைத் துடைத்து வைத்திருக்கும் ஓய்வு பெற்ற குமாஸ்தாதான் ஐந்து வருஷத்திற்கொருமுறை பதினாயிரம் ரூபாயுடன் ஆபீஸ் வாசலில் நிற்கிறார். அவ்வண்டியைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர், வர்ணம் பூசுகிறவர், கிடைக்காத உறுப்பைக் கடைசலில் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைக்காரர் ஆகியோரின் பிழைப்பும் இதில் அடங்கியிருக்கிறது.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இவ்விஷயத்தில் ஒரு பழைய புண் உண்டு. 1906இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தொடங்கிய சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டபோது, அதன் கப்பல்கள் போட்டிக் கம்பெனியாருக்கே ஏலத்தில் போயின. இன்று துறைமுகத்திற்கு அவர் பெயர் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்ட அந்தக் கப்பல்களின் பலகை ஒன்றுகூட அங்கே இல்லை.

ஜெர்மனியில் முப்பது வயது நிரம்பி நல்ல நிலையில் உள்ள வண்டிக்குச் சரித்திர வண்டி என்ற தனி அடையாளம் தருகிறார்கள். சர்வதேசப் பழைய வண்டிச் சங்கமும் முப்பது வயதையே எல்லையாகக் கொண்டிருக்கிறது. நாமும் இருபத்தைந்து அல்லது முப்பது வயதில், அசல் உருவம் கெடாத வண்டிகளை 'காப்புக்குரியவை' என்று தனிப்பட்டியலில் சேர்த்து, வருஷத்தில் இத்தனை மைல் மட்டுமே ஓட்டலாமென்று நிபந்தனை விதித்து, சாதாரணக் கட்டணத்தில் பதிவைப் புதுப்பிக்கலாம். மோட்டார் வாகன ஆபீஸ்களில் உள்ள பழைய காகிதப் பதிவேடுகளைக் கழித்துவிடாமல் ஆவணக் காப்பகத்திற்கு அனுப்பும்படி மாகாண சர்க்கார் உத்தரவிடலாம்; இதற்கு டெல்லியின் தயவு தேவையில்லை. எண்ணும் ஏடும் இருந்தால்தான் நாளைக்கு ஓர் ஹெரால்டு அசலா, ஒட்டா என்று சொல்ல முடியும். போக்குவரத்து மந்திரி அடுத்த சட்டசபைக் கூட்டத்திற்குள் இந்த உத்தரவைப் பிறப்பிப்பாரா என்று கேட்கிறோம்.