வரிசை மாறும் படைப்பும் நம் பதிவேடும்

புகைப்படக் கலைஞர் தயானிதா சிங்கின் 'ஃபைல் மியூசியம்' படங்களில் உள்ள அறைகள் நமக்குப் பழக்கமானவை. தலைக்கு மேல் அடுக்கிய கோப்புகள், துணியில் முடிந்த காகிதக் கட்டுகள், சில படங்களில் அவற்றைக் காத்து நிற்கும் ஒருவர். இவற்றைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருந்தால் காப்பாட்சியர்களான நம் வேலை எளிது. அவரோ விரித்து மடக்கும் மரக் கட்டமைப்புகளில் பொருத்தினார். கண்ணுக்குத் தெரிபவை போக மீதிப் படங்கள் அந்தக் கட்டமைப்பிலேயே இருப்பில் இருக்கும். எதையும் எடுத்து எதற்குப் பதிலாகவும் வைக்கலாம். 2013இல் லண்டன் ஹேவர்ட் கேலரியில் இத்தகைய நடமாடும் அருங்காட்சியகங்களை அவர் காட்டினார்.

திறப்பு நாளன்று அமைத்த வரிசையைக் கடைசி நாள்வரை தொடாமல் விடும் காப்பாட்சியர், இப்படைப்பைப் பாதி மட்டுமே காட்டுகிறார் என்பது எங்கள் உறுதியான கருத்து. வரிசை மாறுவதும் படைப்பின் பகுதிதான்.

தயக்கம் புரிகிறது. கை பட்டால் விரல் எண்ணெய் ஒட்டும், விளிம்பு உரசும், கீல்கள் தளரும். ஆனால் ஒளியைப் பற்றியும் யோசிப்போம். வெளிச்சத்தால் வரும் சேதம் சேர்ந்துகொண்டே போவது. இருட்டில் வைத்தால் அது நிற்குமே தவிர, மங்கிய நிறம் மீளாது. அதனால்தான் வண்ண பிரிண்டுகளை 50 லக்ஸ் அளவில் காட்டிவிட்டு, சில மாதங்களில் இறக்கி ஓய்வு தருகிறோம். கறுப்பு வெள்ளைப் படங்கள் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் என்றாலும் அவற்றுக்கும் கணக்கு உண்டு. இருப்புக்குள் போகும் படத்துக்கு அந்த ஓய்வு தானாகவே கிடைக்கிறது. பயிற்சி பெற்ற இருவர், கையுறை, மாற்றிய தேதியைக் குறிக்க ஒரு நோட்டு: இவை போதும்.

உண்மையான சிக்கல் பதிவேட்டில் இருக்கிறது. புகைப்படக் கலைஞர் ஹோமாய் வியாரவாலாவின் ஒரு பிரிண்டைப் பதிய, எடுத்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு, தாள், அளவு என்று கட்டங்கள் தயாராக உள்ளன. மாறும் வரிசைக்குக் கட்டம் இல்லை. அட்டவணைக்காக ஒருமுறை எடுத்த புகைப்படமே பிறகு 'சரியான' வரிசையாகிவிடுகிறது; அடுத்து வரும் காப்பாட்சியர் அதைப் பார்த்துத்தான் அடுக்குவார்.

ஆகவே கொள்முதல் ஒப்பந்தத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்: யார் மாற்றலாம், எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை, எந்தப் படங்கள் அருகருகே வரவே கூடாது, கலைஞரின் காலத்துக்குப் பின் முடிவெடுக்கும் உரிமை யாருக்கு. கலைஞர் நம்மோடு உட்கார்ந்து பதில் சொல்லக்கூடிய காலத்திலேயே இதைச் செய்தாக வேண்டும்.