விலங்குகளின் நோய் எதிர்ப்பு மரபணுக்களுக்குப் பெயரிடுதல்: எங்கள் நிலைப்பாடு

மதுரை வட்டாரத்தில் கால்நடை மருத்துவமும் மரபியலும் கற்பிப்பவர்கள், ஆராய்பவர்கள் சேர்ந்தது எங்கள் சங்கம். மாடு, எருமை, ஆடு, கோழி ஆகியவற்றின் நோய் எதிர்ப்பு மரபணுக்களுக்குப் பன்னாட்டுக் குழுக்கள் வைத்த பெயர்களையே இங்கிருந்து வெளிவரும் ஆய்வேடுகளும் கட்டுரைகளும் எடுத்தாள வேண்டும் என்று கோருகிறோம். பழைய பெயரையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். மரபுவழி உறவு உறுதியாகாத இடத்தில், மனித மரபணுவின் பெயரை விலங்கின் மரபணுவுக்குச் சூட்டக் கூடாது.

இப்படிக் கேட்பதற்கான காரணம் மதுரையிலேயே இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர், நுரையீரல் காசநோய்க்கும் மனிதரின் நோய் எதிர்ப்பு மரபணுத் தொகுதியான எச்.எல்.ஏ.வின் டி.ஆர்.2 வகைக்கும் தொடர்பு உண்டு என்று 1991-இல் வெளியிட்டார்கள். அந்த டி.ஆர்.2 வகையே டி.ஆர்.15, டி.ஆர்.16 என இரண்டாகப் பிரிந்தது. டி.என்.ஏ. வரிசையைப் படிக்கத் தொடங்கியதும் டி.ஆர்.பி.1*1501, 1502 என்று எழுதினார்கள். இரண்டிரண்டு இலக்கம் போதாமல் போகவே 2010-இல் நடுவில் முக்காற்புள்ளி நுழைந்து 15:01 ஆயிற்று. இத்தனை மாற்றத்துக்குப் பிறகும் அந்த ஆய்வு எதைச் சொன்னது என்று இன்றைய மாணவர் தேடிப் பிடித்துவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் பெயரிடல் குழு 1968 முதல் பேரேடு வைத்திருப்பதுதான் காரணம். நிலத்துக்குப் புதிய சர்வே எண் கொடுத்தாலும் பழைய எண்ணைப் பத்திரத்தில் விடாமல் எழுதுகிறோமே, அதே வேலைதான்.

மாட்டின் கதை இவ்வளவு ஒழுங்காக இல்லை. எச்.எல்.ஏ.வுக்கு இணையான போலா தொகுதியின் டி.ஆர்.பி.3 மரபணுவை 1990-களில் நொதியால் வெட்டி, ஜெல்லில் ஓடும் துண்டுகளின் நீளத்தை வைத்து வகை பிரித்தார்கள். அந்த முறையில் 16 என்று குறித்த வகை, வரிசை முறையில் 015:01. வரிசை முறையின் 016:01 முற்றிலும் வேறொரு வகை. மாட்டு இரத்தப் புற்றுநோய் வைரஸ் பற்றிய இரண்டு கட்டுரைகளை அருகருகே வைத்து எண்ணை மட்டும் ஒப்பிடும் மாணவர் தவறான முடிவுக்குத்தான் வருவார். தவறு அவருடையது அல்ல. இன்னொரு சிக்கலும் உண்டு: ஒரே வெட்டுத் துண்டு வடிவத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் ஒளிந்திருக்கலாம். ஆகவே அட்டவணையைப் பார்த்து எண்ணை மாற்றி எழுதினால் போதாது. வரிசையைப் படித்தே தீர வேண்டும்.

உயிரினத்தின் அறிவியல் பெயரிலிருந்து இரண்டிரண்டு எழுத்து எடுத்து முன்னொட்டாக்கும் முறையை கிளைனும் சகாக்களும் 1990-இல் முன்மொழிந்தார்கள். எருமைக்கு புபு, வெள்ளாட்டுக்கு காஹி, செம்மறிக்கு ஓவார். மாட்டுக்கோ ஊறிப்போன போலா நீடிக்கிறது. அதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் சீமை மாடும் நம் திமில் மாடும் இந்த ஒரே முன்னொட்டின் கீழ் வருவதால், இனத்தின் பெயர் பதிவில் இருக்க வேண்டும். புலிக்குளம் இனத்தைக் கிடை மாடு, மணி மாடு, ஜல்லிக்கட்டு மாடு என ஊருக்கு ஊர் எப்படி அழைத்தாலும், கோப்பில் புலிக்குளம் என்று எழுதுங்கள். 'நாட்டு மாடு' என்ற சொல்லால் ஆய்வுக்கு எந்தப் பயனும் இல்லை.

கோழி விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கிருமியின் டி.என்.ஏ.வை உணரும் டி.எல்.ஆர்.9 கோழியிடம் கிடையாது. அந்த வேலையை டி.எல்.ஆர்.21 பார்க்கிறது. வேலை ஒன்றாக இருப்பதால் 9 என்று பெயர் வைத்தால் அது பொய்ப் பெயர். பறவைக் காய்ச்சல் வைரஸை உணரும் ரிக்-ஐ, அறுவடை முடிந்த வயலில் மேயும் வாத்துக்கு உண்டு, கோழிக்கு இல்லை. மடிநோய் ஆய்வில் அடிக்கடி அளக்கும் ஐ.எல்.8, அதாவது இப்போதைய சி.எக்ஸ்.சி.எல்.8, மாட்டுக்கு உண்டு. சுண்டெலிக்கு இல்லவே இல்லை. எலியைப் பார்த்து எழுதிய பாடத்தை மாட்டுக்கு அப்படியே ஒட்டும் வழக்கத்தை விட வேண்டும்.

பெயர் வைக்கும் குழுக்கள் வெளிநாட்டில் இருக்கின்றன, நாம் ஏன் தலையாட்ட வேண்டும் என்று எங்கள் கூட்டத்திலேயே சிலர் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. 2009-இல் வெளியான மாட்டு மரபுத்தொகுதி ஹெர்ஃபோர்டு இனப் பசு ஒன்றிலிருந்து எடுத்தது. நம் இனங்களின் தனி வகைகள் அதில் எப்படி இருக்கும்? ஒதுங்கி நின்று ஆய்வகத்துக்கு ஒரு பெயராக வைத்துக்கொண்டால் அந்தக் குறை தீராது. வரிசைகளைப் பொதுத் தரவுத்தளத்தில் சேர்த்து, ஐ.பி.டி.-எம்.எச்.சி. என்ற பன்னாட்டுப் பேரேட்டில் பெயர் கேட்டு வாங்க வேண்டும். பெயர் வரும்வரை ஆய்வகத்தின் தற்காலிகக் குறியீட்டை, தற்காலிகம் என்று சொல்லியே பயன்படுத்தலாம்.

முடிந்துபோன ஆய்வேடுகளைத் திருத்தச் சொல்லவில்லை. பழைய ஜெல் படங்களையும் உறைபெட்டியில் கிடக்கும் இரத்த மாதிரிகளையும் இடம் அடைக்கிறது என்று அப்புறப்படுத்தாமல், எந்த ஊர், எந்த இனம் என்ற சீட்டோடு பத்திரப்படுத்துமாறு எல்லா ஆய்வகங்களையும் கேட்டுக்கொள்கிறோம்.