மூத்தகுடியும் மரபணுவும்

"உலகின் முதல் மனிதன் தமிழனே, அறிவியலே மெய்ப்பித்துவிட்டது." தேக்கா தேநீர்க் கடைகளில் கேட்ட இப்பேச்சு இப்போது மாணவர் கட்டுரைகளிலும் நுழைந்துவிட்டது. சான்றாகக் காட்டப்படுவது மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த இராமசாமி பிச்சப்பனின் ஆய்வு.

அவ்வாய்வு சொல்வதோ வேறு. மதுரை வட்டாரத்துச் சிற்றூரான ஜோதிமாணிக்கத்தில் எம்130 என்னும் மரபணுக் குறியீடு கண்டறியப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியா வரை சென்ற ஆதிமனிதரின் தடமாக அதை ஸ்பென்சர் வெல்ஸ் தம் 2002ஆம் ஆண்டு நூலில் விளக்கினார். புறப்பட்ட இடம் ஆப்பிரிக்கா. நம் மண் வழித்தங்கல். அக்குறியீட்டின் கிளையொன்று மங்கோலியரிடம் மிகுதியாக உண்டு. மேலும், அது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது. பத்துத் தலைமுறை பின்னோக்கினால் நமக்கு மூதாதையர் 1,024 பேர். அக்குறியீடு அவர்களுள் ஒருவரைத்தான் காட்டும். இது தொடக்கநிலைக் கணக்குதான்!

சீன, மலாய்த் தோழர்களோடு ஒரே மேசையில் உண்ணும் பிள்ளைக்கு, 'நீயே மூத்தவன்' என்று ஊட்டுவது எவ்வகைக் கல்வி? சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என 4,810 பேரின் மரபணுத்தொகுதியை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டனர். அதன் நோக்கம் மூப்பு தேடுவதன்று. ஆசியர்க்கேற்ற மருத்துவம் காண்பது.

பிச்சப்பனும் அடிப்படையில் நோயெதிர்ப்பு ஆய்வாளரே. ஒரே கிருமி தாக்கியும் சிலருக்கு மட்டும் காசநோயும் தொழுநோயும் முற்றுவது ஏன் என்று நெடுங்காலம் மரபணுவில் தேடியவர். தேநீர்க் கடையில் அதை எவரும் பேசக் காணோம்.