தாய்ப்பால் விமர்சனம்

முதல் நூலுக்கான பரிசு ஒன்று இந்த ஆண்டு நம் பாலாற்றங்கரைப் பிள்ளை ஒருவருக்குக் கிடைத்தது. வீட்டில் பேசுவது உருது, எழுதியது தமிழில். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவர் இவ்வளவு செய்திருப்பது வியப்பளிக்கிறது என்று நடுவர் குழு அறிக்கையில் எழுதியது; அதை மேடையிலும் வாசித்தது. கூட்டம் கைதட்டியது. பரிசு பெற்றவர் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். பந்தியில் உட்கார வைத்துவிட்டு, "பரவாயில்லையே, நீங்களும் கையால்தான் சாப்பிடுகிறீர்கள்" என்று ஒருவரைப் பாராட்டுவதற்கும் இதற்கும் நமக்கு வித்தியாசம் தெரியவில்லை.

நடுவர் அறிக்கையை விட்டுவிடலாம். பரிசுத் தொகை செலவாவதற்கு முன்பே அது மறந்துபோகும். விட முடியாதது, அதையொட்டிச் சக சிற்றிதழ் ஒன்றில் வந்திருக்கும் கட்டுரை. பக்கத்துக்குப் பக்கம் தாய்ப்பால். மொழி தாய்ப்பாலோடு வருவது. அப்படி வந்த மொழியில்தான் ஒருவன் தன்னைக் கண்டடைவான். பிறகு கற்ற மொழியில் திறமை கூடும், தேர்ச்சி வரும், ஆள் வளர மாட்டான். ஆகவே இந்தப் பரிசு கைத்திறனுக்கு, படைப்புக்கு அல்ல. இதுதான் சாரம். நடுவர்களாவது வியந்தார்கள். இவர் வியப்பதற்கும் ஒன்றுமில்லை என்கிறார்.

இந்தக் கட்டுரையாளர் காட்பாடி ஜங்ஷனில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். சித்தூர்ப் பக்கம் போகிறவர்களின் தெலுங்கு, ஆம்பூர் வாணியம்பாடிக்காரர்களின் உருது, மருத்துவமனைக்கு வந்திறங்கும் வங்காளிக் குடும்பங்கள், அவர்களோடு வங்காளியிலேயே பேரம் பேசும் நம் ஆட்டோக்காரர். ஆற்றைத் தாண்டி வேலூர் போனால் லாட்ஜுகளில் வங்காளி எழுத்துப் பலகை. ஆனால் பேசுவது வேறு, எழுதுவது வேறு என்று அவர் சொல்லக்கூடும். சரி, எழுத்துக்கே வருவோம்.

ஆம்பூரிலிருந்து ரயிலில் வந்து படிக்கும் முதலாண்டு மாணவி ஒருவர் சில மாதங்களுக்கு முன் ஒரு கட்டுரை நோட்டை நம்மிடம் கொடுத்தார். வீட்டில் உருது. அப்பாவுக்குத் தோல் ஷாப்பில் வேலை. நோட்டின் முதல் வரி, கதிரவன் பொற்கரம் நீட்டிப் பூமகளைத் தழுவும் வேளையில் என்று தொடங்கி அடிக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே, உழைப்பே உயர்வு தரும் என்பதற்கேற்ப என் தந்தை என்று ஒரு வரி. அதுவும் அடிக்கப்பட்டிருந்தது. மூன்றாவதாக ஒரு வரி: "அப்பா வருவதற்கு முன்னால் அப்பாவின் வாசனை வந்துவிடும்." அங்கிருந்து கட்டுரை தானாக நடக்கிறது. பச்சைத்தோல் கட்டு, சுண்ணாம்புத் தொட்டி, ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் எலுமிச்சைத் தோலால் நகக்கண்ணைத் தேய்க்கும் அப்பா, கல்யாண வீட்டில் கடைசி நாற்காலி பார்த்து உட்காரும் அப்பா. பள்ளிக்கூடம் போகும் வழியில் தெரு திரும்பியதும் அவர் கையை விட்டுவிட்டு நடந்ததையும் எழுதியிருக்கிறார். அந்தக் கைதான் தன்னைப் படிக்க வைக்கிறது என்ற வாக்கியத்தை அவர் எழுதவில்லை. எழுதியிருந்தால் நாம் அடித்திருப்போம்.

இதை உருதுவில் எழுதியிருப்பாயா அம்மா என்று கேட்டோம். "அய்யோ, அம்மா படிச்சிடுவாங்க சார்" என்றார். அம்மாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

தாய்ப்பால் விமர்சகர்கள் காணத் தவறுவது இதைத்தான். தாய்மொழி வெறுங்கையோடு வருவதில்லை. அம்மா, பெரியப்பா, ஜமாத், சாதி, ஊர்ப் பெரிய மனிதர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருகிறது. பதினெட்டு வயதில் ஒரு வாக்கியம் எழுத உட்கார்ந்தால் அத்தனை பேரும் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறார்கள். இரண்டாம் மொழியில் அவர்கள் இல்லை. அங்கே இருப்பவர் முன்பின் தெரியாத ஒரு வாசகர். அவருக்கு உன் வீட்டைப் பற்றி எதுவும் தெரியாது. நீ சொன்னால்தான் தெரியும். சொன்னதை நம்ப வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. அந்த வாசகரிடம் பேசப் போகும்போதுதான் ஒரு மாணவர் முதன்முறையாகத் தன் வீட்டை வெளியிலிருந்து பார்க்கிறார். ஆள் வளர்வது என்பது இது இல்லையென்றால் வேறு எது?

நம் ஊரிலேயே இதற்குப் பழைய உதாரணம் இருக்கிறது. திருத்தணியில் 1888இல் பிறந்த, வீட்டில் தெலுங்கு பேசிய ஒரு பையன், திருப்பதி மிஷன் பள்ளியில் படித்துவிட்டு வேலூர் ஊரீசு கல்லூரிக்கு வந்தான். ஆற்காடு மிஷன் நடத்திய கல்லூரி. அங்கிருந்து 1904 வாக்கில் சென்னை கிறித்தவக் கல்லூரிக்குப் போனான். தத்துவத்தை அவன் ஆசைப்பட்டு எடுக்கவில்லை; உறவுக்கார அண்ணன் ஒருவர் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் காசில்லாமல் கிடைத்தன, எடுத்துக்கொண்டான். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன்தான். தபால் தலையில் இருக்கும் முகத்தை மறந்துவிட்டு அந்த மாணவனை மட்டும் பாருங்கள்.

வகுப்பில் கேள்விப்படுவதெல்லாம் அவன் வீட்டுக்கு எதிரானது. உலகமே மாயை என்றால் நல்லது செய்ய என்ன காரணம்? எல்லாம் கர்மம் என்றால் இரக்கத்துக்கு எங்கே இடம்? இது வெறும் மதப் பிரச்சாரகர் கூச்சல் அல்ல. ஆசிரியர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக் லேசுப்பட்ட ஆள் இல்லை. கர்மத்தையும் மீட்பையும் எதிரெதிரே வைத்து அவர் கல்லூரி இதழில் எழுதிய கட்டுரைகள் 1909இல் நூலாகவும் வந்தன. இந்தக் கேள்விகளுக்கு வீட்டுத் தெலுங்கில் பதில் தேவைப்படவே இல்லை, ஏனென்றால் வீட்டில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பையன் எம்.ஏ. பட்டத்துக்காக வேதாந்தத்தின் அறவியல் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வுரை எழுதினான். மாயை அறத்தை ஒழித்துவிடவில்லை என்று வாதாடினான். 1908இல் அது அச்சானபோது வயது இருபது. ஹாக் மனம் புண்படுவாரோ என்று பையன் பயந்தான். ஹாக் கொடுத்த சான்றிதழ் சிக்கலான வாதத்தை எளிதாகக் கையாளும் ஆற்றலைப் பாராட்டியது, ஆங்கிலம் சராசரிக்கு மேல் என்றும் குறிப்பிட்டது. தன்னோடு மோத வந்த மாணவனைப் படித்து, மதித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஆசிரியர்! அந்த இனம் இப்போது எங்கே இருக்கிறது என்று பல்கலைக்கழக மானியக் குழுவைத்தான் கேட்க வேண்டும்.

இப்படி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வேதாந்தத்தின் மீது, புதிய வேதாந்தம் என்ற பெயரில் ஜெர்மானிய அறிஞர்கள் தொடங்கி வைத்த விசாரணை நமக்கும் தெரியும். கேள்வி மேற்கினுடையது, பதிலின் வடிவமும் மேற்கினுடையது, உள்ளே நிரப்பியதுதான் நம்முடையது என்பார்கள். அதில் உண்மை உண்டு. ராதாகிருஷ்ணன் 1936இல் ஆக்ஸ்ஃபோர்டு நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியே வரவில்லை என்று நாமே சொல்வோம். அந்த உரைநடையில் எப்போதும் ஒரு மேற்பார்வையாளர் நடந்துகொண்டிருக்கிறார். ஆனால் அது ஐம்பது வயது அறிஞரின் குறை. இருபது வயதுப் பையனுக்கு நடந்தது வேறு. குளிப்பது போல, சாப்பிடுவது போலத் தன்னோடு இருந்த ஒன்றுக்கு அவன் முதன்முறையாகக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டாம் மொழியே போதும் என்று நாம் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பி. ஆர். ராஜமையரை எடுத்துக்கொள்ளுங்கள். (எடுத்தால் வைக்க மனம் வராது என்பது வேறு விஷயம்.) இருபது வயதைத் தாண்டியதும் தமிழில் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதியவர். அதில் வரும் வம்பர் மகாசபையும் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையும் நூற்றிருபது வருஷம் தாண்டிய பிறகும் நம்மைச் சிரிக்க வைக்கிறார்கள். 1896இல் அதே ராஜமையர் சென்னையில் தொடங்கிய ஆங்கில வேதாந்த மாத இதழுக்கு ஆசிரியரானார். 1898இல், இருபத்தாறு வயதில், இறந்தார். அந்த ஆங்கிலக் கட்டுரைகளில் பக்தி இருக்கிறது, தெளிவு இருக்கிறது. அம்மையப்ப பிள்ளை இல்லை. தாய்ப்பால் கட்சிக்கு இது நல்ல சாட்சி என்று தோன்றும். நமக்கு அப்படிப் படவில்லை. அந்த இதழின் வாசகர்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்கள், தலையாட்டக் காத்திருந்தவர்கள். நாவலை எழுதியபோதோ தமிழில் நாவல் என்று ஒன்று இருக்கிறது என்பதையே நம்பவைக்க வேண்டியிருந்தது. ஒரே ஆள், இரண்டு மொழி. எழுத்தை வளர்த்தது மறுத்துப் பேசக்கூடிய வாசகர் இருந்த இடம்தான். பொதுவாக அந்த வாசகர் இரண்டாம் மொழியில் கிடைக்கிறார். அவ்வளவுதான் நம் கட்சி.

சுந்தர ராமசாமி பிள்ளைப் பருவத்தைக் கோட்டயத்தில் கழித்தவர். எழுத்தாக முதலில் பழகியது மலையாளம். தமிழ் எழுத்து பதினெட்டு வயதை ஒட்டித்தான் கைக்கு வந்தது. அந்த வாக்கியங்களில் உறங்கிக் கிடக்கும் சொல் ஒன்றுகூட இல்லாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்பது நம் நெடுநாள் எண்ணம். மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் வீட்டில் தமிழ், த. ரா. பேந்த்ரே வீட்டில் மராத்தி. இருவருக்கும் கன்னடத்துக்காக ஞானபீடம். கன்னடர்கள் இதைத் தகவலாக வைத்திருக்கிறார்கள், வியப்பாக அல்ல. இவ்வளவு தூரம் போவானேன்? வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் முப்பதாண்டுக்குக் கிட்டத் தமிழ் சொல்லிக்கொடுத்த அப்துல் ரகுமான் மதுரையில் உருதுக் கவிஞர்களின் குடும்பத்தில் பிறந்தவர். 1974இல் 'பால்வீதி' வந்தபோது நம்மில் பலர் அதைக் கையில் வைத்துக்கொண்டு தூங்காமல் இருந்தோம். வானம்பாடி இயக்கக் கவிஞர்களின் உரத்த குரல் பிடிக்காதவர்களும் அந்தப் புத்தகத்தின் முன் கொஞ்சம் தயங்கினார்கள். தமிழில் கஜல் எழுதலாம் என்ற துணிச்சல் இரண்டு வீட்டுச் சாவியும் இடுப்பில் இருந்த ஆளுக்குத்தான் வரும். வகுப்பில் அவர் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் எத்தனையோ பேருக்குத் தமிழ் இரண்டாவது மொழி. அவர்களிடம் போய்த் தாய்ப்பால் கணக்குக் கேட்டுப் பாருங்கள்.

இப்போது அந்த வட்டாரத்தில் நடப்பது என்ன? பள்ளிகளில் தமிழைக் கட்டாயமாக்கிய 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாக ஏறி, 2016இல் பத்தாம் வகுப்புக்கு வந்து நின்றது. உருது, தெலுங்குப் பள்ளிகள் நீதிமன்றத்துக்குப் போய் விலக்கு வாங்கின. பிறகு நீட்டிப்பு, மறுபடி நீட்டிப்பு. ஒரு தரப்புக்குத் தமிழ் மானப் பிரச்சினை, இன்னொரு தரப்புக்கு உருது மானப் பிரச்சினை, பிள்ளைக்கு மதிப்பெண் பிரச்சினை. தமிழாசிரியரே இல்லாத பள்ளியில் தமிழ்த் தேர்வு எப்படி எழுதுவது என்பது நியாயமான கேள்வி. அதைவிட, எழுதிய தாளில் பிள்ளை என்ன சொல்கிறாள் என்று படிக்கப்போவது யார் என்ற கேள்வி எந்தத் தரப்பின் மனுவிலும் இடம்பெற வாய்ப்பே இல்லை.

கல்லூரிகளில் நிலைமை இன்னும் மோசம். இந்தப் பகுதி மாணவர்கள் எழுதும் இரண்டாம் மொழிக்கு அளவே கிடையாது. லேப் ரெக்கார்டு, அசைன்மென்ட், செமினார் பேப்பர், புராஜெக்ட் ரிப்போர்ட், எல்லாம் ஆங்கிலம். சீனியரிடம் வாங்கி ஜூனியர் எழுதுகிறான், அதை அவனுடைய ஜூனியர் எழுதுகிறான். இப்போது இயந்திரமே எழுதித் தருகிறது. ஸ்பைரல் பைண்டிங் போட்டு மேசையில் வைத்தால் பச்சை மையில் கையெழுத்து விழும். நடுவில் ஒரு பக்கத்தில் சமையல் குறிப்பு எழுதியிருந்தாலும் விழும். தமிழ்ப் பாடத்திலும் இதுவே கதை; அங்கே உரைநூல், இங்கே கைடு. மாணவருக்கு மொழி தெரியவில்லை என்று கருத்தரங்கு கூட்டி அழுகிறவர்கள், அந்த மாணவர் எழுதிய ஒரு பத்திக்கு எப்போதாவது ஓரத்தில் "ஏன்?" என்று எழுதியிருப்பார்களா? ஹாக் எழுதியிருப்பார்.

சிற்றிதழ்க்காரர்கள் மட்டும் என்ன? அமைப்பியல்காரர் அமைப்பியல்காரருக்கு எழுதுகிறார். தமிழ்த் தேசியர் தமிழ்த் தேசியருக்கு எழுதுகிறார். தாய்ப்பால்காரர் தாய்ப்பால்காரருக்கு எழுதி, அடுத்த இதழில் மூன்று பாராட்டுக் கடிதம் வாங்கி வெளியிடுகிறார். எல்லாரும் தாய்மொழியில்தான் எழுதுகிறோம். யாரும் வளர்ந்ததாகத் தெரியவில்லை.

ஆம்பூர் மாணவியின் கட்டுரை அடுத்த இதழில் வருகிறது. அடித்த இரண்டு வரிகளோடு அச்சிடச் சம்மதித்திருக்கிறார். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட மாணவர்கள் தங்கள் வீட்டில் பேசாத ஒரு மொழியில் எழுதி அனுப்பலாம். ஆங்கிலமோ, உருதுவோ, தெலுங்கோ ஆனால் படித்துச் சொல்ல நண்பர்கள் இருக்கிறார்கள். தேர்வு, பரிசு, சான்றிதழ் எதுவும் கிடையாது. கையால் எழுதுங்கள். தாளின் இடப்பக்கம் நான்கு விரல் அகலம் காலியாக விடுங்கள். எங்கள் ஆட்சேபங்களுக்கு அந்த இடம் வேண்டும். திருப்பி அனுப்பத் தபால் தலை வைக்கவும்.